சோறு தொடுகறியாகட்டும்!

தமிழன் இலைமுன் அமர்ந்தவுடன் கேட்பது சோறு. எழுமுன் இறுதியாகக் கேட்பதும் சோறே. இடையில் வருவன அனைத்திற்கும் அவன் இட்டிருக்கும் பெயர் தொடுகறி. மீனாயினும் முட்டையாயினும் கீரையாயினும் பயறாயினும், அவை தொட்டுக்கொள்ளத் தக்கனவேயன்றி வயிறார உண்ணத் தக்கன அல்ல என்னும் தீர்ப்பு அப் பெயரிலேயே அடங்கிக் கிடக்கின்றது. உடலைக் கட்டும் பொருள்கள் விரல் நுனிக்கு. குருதியில் இனிப்பாய்க் கரையும் பொருள் வயிற்றுக்கு! இத் தலைகீழ்ப் பங்கீட்டைத் தலைநேர் ஆக்குவதே இன்று ஒவ்வொரு தமிழ் வீட்டு அடுக்களையின் முன்னும் நிற்கும் பணி. தொடுகறி உணவாக வேண்டும். சோறு தொடுகறியாக வேண்டும்.

இவ் எளிய செய்தியைத்தான் இக்கால் 'லோ கார்ப் டயட்' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டி, பளபளக்கும் தாளில் அச்சிட்டு, ஏதோ மேலை நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த அரும்பொருள் போல் தமிழனிடமே விற்கின்றனர். மாச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை நேற்றையதன்று. 1863-இலேயே இலண்டன் நகரத்து வில்லியம் பேன்ட்டிங் என்பார், அப்பமும் கிழங்கும் இனிப்பும் நீக்கி உடல் இளைத்த வகையைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். நீரிழிவுற்றோர்க்கு மாப்பொருளைக் குறைத்து ஊன் மிகுத்துக் கொடுக்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. எனவே இது யாருடைய தனியுடைமையும் அன்று. எவர் மொழிக்கும் அடகு வைக்கப்பட்டதும் அன்று.

நோயின் அளவை எண்களே கூறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமொன்று நாடளாவி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் நீரிழிவுற்றோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலக்கம் பேர். அந் நோயின் வாயிற்படியில் நிற்போர் 13 கோடியே 60 இலக்கம் பேர். தமிழ்நாட்டில் அகவை முதிர்ந்தோருள் நூற்றுவர்க்கு 14 பேர்க்கு மேல். புதுச்சேரியில் 26 பேர்க்கு மேல். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்தது. இந்நாட்டு மக்கள் உணவால் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாச்சத்தினின்று வருகின்றது; புரதத்தினின்று வருவது வெறும் 12 விழுக்காடு. தொடுகறி என்னும் சொல்லின் கணக்கு வடிவம் இதுவே.

மாச்சத்து என்பது குடலிற் சிதைந்து இனிப்பாகிக் குருதியிற் சேர்வது. அவ் இனிப்பை உடற்கண்ணறைகளுக்குள் செலுத்தும் திறவுகோல் இன்சுலின் என்னும் கணையச் சுரப்புநீர். நாடோறும் மூன்று வேளையும், இடையிடையே தேநீர் வேளையும், மலையாகச் சோறும் மாவும் இனிப்பும் வந்து இறங்கினால், கணையம் ஓய்வின்றிச் சுரந்து சுரந்து தளர்கின்றது. திறவுகோலுக்குப் பூட்டும் இணங்க மறுக்கின்றது. வயலில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தவனுக்கு அச் சோறு எரிந்துபோயிற்று. பேருந்திலும் நாற்காலியிலும் நாளைக் கழிக்கும் அவன் பெயரன் அதே அளவு சோற்றை உண்கின்றான். பாட்டன் உண்டதை உண்பதே மரபு என்கின்றான். பாட்டன் உழுததை மட்டும் அவன் மரபிற் சேர்த்துக்கொள்ளவில்லை!

இச் சோற்றுப் பெருக்கின் கேடு நூறாண்டுகட்கு முன்பே தமிழ் மண்ணில் வைத்து ஆராயப்பட்டதென்பது தமிழருட் பெரும்பாலோர் அறியாத செய்தி. 1918-இல் நீலமலையிலுள்ள குன்னூரில், பாசுத்தர் நிறுவனத்தின் ஓர் அறையில், இராபர்ட்டு மெக்காரிசன் என்னும் பிரித்தானிய மருத்துவர், தீட்டிய அரிசியால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பின்னர் அவர் ஒரு நுட்பமான ஆய்வு செய்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் முதலியோர் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிக்கூட்டங்களுக்கு இட்டு வளர்த்தார். சீக்கிய உணவு உண்ட எலிகள் எடையாலும் நலத்தாலும் முதலில் நின்றன. கடைசியில் மெலிந்து நின்றவை சென்னை உணவு உண்டவை! சீக்கியரும் மாவைத்தான் உண்டனர். கோதுமை அப்பந்தான் அவர்க்கும் அடிப்படை. வேறுபாடு எதிலென்றால், அவ் அப்பத்தோடு பாலும் தயிரும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்களும் அவ்வப்போது ஊனும் உண்மையான உணவாகச் சேர்ந்திருந்தன. சென்னை எலிக்கோ சோற்றின் மேல் சிறிது குழம்பு. அந்த எலிக்கும் தொடுகறிதான் கிடைத்தது.

அக் குன்னூர் அறைதான் வளர்ந்து பெருகி, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று நாட்டின் ஊட்டவியல் நிறுவனமாக நிற்கின்றது. தமிழ் மண்ணிற் பிறந்த அவ் அறிவு தமிழனின் அடுக்களைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நகரத்து மருத்துவமனைகளில் நீரிழிவென்று தெரிந்தவுடன் கையில் திணிக்கப்படும் உணவுத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றது. 'ஓட்சு' உண்க, 'புரோக்கோலி' உண்க, 'ஆலிவ்' எண்ணெயிற் சமைக்க என்கின்றது. கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய் அத் தாளை என்செய்வாள்? மருந்துச் சீட்டோடு மடித்துப் பெட்டியில் வைப்பாள். வீடு திரும்பி வழக்கம்போல் சோறு வடிப்பாள். புரியாத மொழியில் எழுதப்பட்ட மருத்துவம் எழுதப்படாத மருத்துவமே. மொழியுரிமை என்பது மேடைக்கும் பெயர்ப்பலகைக்கும் மட்டும் உரியதென்று எண்ணுவோர் இத் தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

இனி, தமிழன் இலையில் ஊனும் மீனும் சுருங்கியதற்குரிய கரணியத்தையும் பார்த்தல் வேண்டும். வறுமை முதற் கரணியம். அதை மறுப்பார் இல்லை. ஆயின் வறுமை மட்டுமே கரணியமன்று. வாங்கும் வலியுடையவன் வீட்டிலும் ஊன் ஒரு குற்றம் போல் ஒளிந்து உண்ணப்படுகின்றது. வெள்ளி என்றும் காரி என்றும், விழா என்றும் நோன்பென்றும் நாளெண்ணி விலக்கப்படுகின்றது. பழந்தமிழ் நாட்டில் இந் நாணம் இருந்ததில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநர்க்கு இட்ட விருந்தில் வெந்த ஊனும் சுட்ட ஊனும் குவிந்திருந்தன. அந்தணர் எனப் போற்றப்பட்ட கபிலரே, தம் கை மென்மையாய் இருப்பதற்குக் கரணியம் ஊனும் கறியும் சோறும் உண்டதே என்று புறநானூற்றில் சேர வேந்தனிடம் கூறுகின்றார். அக் கபிலர் வழிவந்த நாட்டில், ஊனுண்பவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணத்தை, பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த வருணப் பித்து கொண்டுவந்து நட்டது.

அப் பித்து சொல்லிலும் புகுந்தது. பெரும்பான்மைத் தமிழரின் உணவுக்கு இன்று வழங்கும் பெயர் 'அசைவம்'. இச் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னே நிற்கும் 'அ' வடமொழியின் மறுப்பு முன்னொட்டு. பொருள், 'சைவம் அல்லாதது'. அஃதாவது, சிறுபான்மையோர் உண்பது உணவு. பெரும்பான்மையோர் உண்பது அவ் உணவின் இன்மை! ஊன், புலால், மீன், முட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தவன், தன் இலையைத் தானே ஓர் இல்லாமையின் பெயரால் அழைக்கின்றான். சோறு என்னும் தூய தமிழ்ச்சொல் இழிவாகத் தோன்றி 'சாதம்' ஆனதும் இவ்வாறே. நாவில் வந்த நாணம் வயிற்றிலும் வந்தது. முட்டையைக் கண்டு முகஞ்சுளிக்கும் இப் பண்பாடு எங்குச் சென்று முடியும் என்பதற்கு 2015-இல் மத்தியப் பிரதேசம் சான்று காட்டிற்று. ஊட்டமின்றி வாடும் குழந்தைகள் நிறைந்த அம் மாநிலத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் திட்டத்தை அரசே மறுத்துத் தள்ளியது.

இவை வெளியிலிருந்து வந்த கேடுகள். உள்ளிருந்தே வரும் ஒரு கேட்டையும் மறைக்காமற் கூறுதல் நேர்மை. தமிழ் மரபு என்னும் பெயரால் ஊர்தோறும் கடை விரித்திருக்கும் வணிகர் கூட்டம் ஒன்று, சிறுகூலங்களை நீரிழிவுக்கு மருந்தென்று விற்கின்றது. கேழ்வரகு உண்டால் இனிப்பு இறங்கும், சாமை உண்டால் நோய் ஓடும், கருப்பட்டி இனிப்பே அன்று என்றெல்லாம் பறையறைகின்றது. தமிழ்ப்பற்றாளர் பலரும் இதை நம்பிக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடிக்கின்றனர். உண்மை என்ன? 100 கிராம் தீட்டிய அரிசியில் மாச்சத்து ஏறத்தாழ 78 கிராம். கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையில் 65, கம்பில் 62. வேறுபாடு இவ்வளவே! சிறுகூலங்களில் நார்ப்பொருள் மிகுதி. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகப் பெரிது. கம்பில் புரதமும் சற்றுக் கூடுதல். ஆகலின் அரிசியினும் அவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் மேலான மாச்சத்தும் மாச்சத்தே. அரிசிச்சோறு ஒரு குன்று உண்டவன் சாமைச்சோறு ஒரு குன்று உண்டால் குன்றுதான் மாறிற்று, சுமை மாறவில்லை. அதிலும் கேழ்வரகை நொய்ய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால், மெல்லும் வேலையும் இன்றி இனிப்பு விரைந்து குருதியில் ஏறும். கருப்பட்டியும் நாட்டு வெல்லமும் தேனும் பெயரளவில் தமிழாயிருக்கலாம். கணையத்துக்கு அவை இனிப்பேயன்றி வேறல்ல.

2025-இல் வெளிவந்த மேற்கூறிய ஆய்வும் இதையே உறுதி செய்தது. வெள்ளரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுகூல மாவுக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு வாய்ப்புக் குறைவதாகக் காணப்படவில்லை. மாச்சத்தினின்று வரும் ஆற்றலில் வெறும் 5 விழுக்காட்டைப் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தால் ஈடுசெய்தவிடத்தே அவ் வாய்ப்புக் குறைவாகக் காணப்பட்டது. மரபுக்காக உண்மையை வளைப்பவன் மரபையும் காப்பதில்லை, உண்மையையும் காப்பதில்லை. சிறுகூலத்தை உழவனின் வாழ்வுக்காகவும், நிலத்தின் நீர்ச்சிக்கனத்துக்காகவும், சுவைக்காகவும் போற்றுக. மருந்தென்று பொய் கூறிப் போற்ற வேண்டா.

ஆயின் ஒரு நாளின் உணவை எவ்வாறு வகுப்பது? முதலில், இன்று ஒரு நடுத்தர வீட்டில் நிகழ்வதை எண்ணிப் பார்க்க. காலையில் நான்கு இட்டிலி. ஒவ்வொன்றிலும் அளவுக்கேற்ப 8 முதல் 12 கிராம் மாச்சத்து. வெள்ளைச் சருக்கரை இரு கரண்டி இட்ட குளம்பி. நண்பகலில் மூன்று கிண்ணம் சோறு. ஒரு கிண்ணம் என்பது வடித்த சோறு 150 கிராம்; அதில் மாச்சத்து 40 கிராமுக்கு மேல். உருளைக்கிழங்குப் பொரியல். மாலையில் இனிப்பிட்ட தேநீரும் ஒரு வாழைக்காய்ப் பொரிமாவும். இரவில் மூன்று தோசை. கூட்டிப் பார்த்தால் 280 கிராமையும் தாண்டும். புரதமோ 40 கிராமைத் தொடவே திணறும். மாச்சத்தை நாளொன்றுக்கு 130 கிராமுக்குள் அடக்குவதையே மருத்துவ உலகம் பொதுவாகக் குறைந்த மாச்சத்து உணவென்று கூறுகின்றது. 20 கிராம், 30 கிராம் என்று அறவே வழித்தெடுக்கும் 'கீட்டோ' முறை வேறு. 1921-இல் காக்கை வலிப்பு நோயர்க்கென வகுக்கப்பட்ட கடுமருத்துவம் அது. அதை இன்று இளைஞர் உடலழகுக்கென மேற்கொண்டு, இரண்டு திங்களிற் கைவிட்டு, பழைய சோற்றுக்கே இரட்டிப்பாய்த் திரும்புகின்றனர். எளிய வீட்டுக்கு ஏற்றது 130 கிராமின் எல்லையே.

அவ் எல்லைக்குள் நிற்கத் தமிழ்ச் சமையலை விட்டு ஓரடியும் வெளியே போக வேண்டியதில்லை. காலையில் அவித்த முட்டை இரண்டு, ஓர் இட்டிலி, கிண்ணம் நிறையக் காயிட்ட பருப்புக் குழம்பு. அல்லது அரிசி சேராத பச்சைப்பயற்று அடை ஒன்று, தேங்காய்த் துவையலோடு. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். மாச்சத்து ஒரு கிராமும் இல்லை. இட்டிலியைத் தொட்டுக்கொள்ள முட்டை என்பது போய், முட்டையைத் தொட்டுக்கொள்ள இட்டிலி என்றாகிறது.

நண்பகல் உணவே தமிழன் உறுதி குலையும் இடம். அங்கு ஓர் ஒழுங்கு வேண்டும். இலையில் முதலில் வருவது சோறன்று, கீரைக் கடைசல். முருங்கை, அரை, சிறுகீரை, பொன்னாங்காணி எதுவாயினும் ஒரு கிண்ணம். அடுத்துக் காய் இருவகை: வெண்டை, கத்தரி, புடல், பீர்க்கு, சுரை, அவரை, கோவை, பாகல், வாழைப்பூ. இவற்றில் நீரும் நாருமே மிகுதி. மாச்சத்து 100 கிராமில் பெரும்பாலும் 5-ஐச் சுற்றியே நிற்கும். மூன்றாவதாக, குழம்பிலிட்ட மீன் 150 கிராம். மத்தி போதும், விலை உயர்ந்த வஞ்சிரம் வேண்டுவதில்லை. அதில் ஏறத்தாழ 28 கிராம் புரதமும், நெஞ்சுக்கு நலந்தரும் மீன் கொழுப்பும் உண்டு. இத்தனையும் வந்து அமர்ந்த பின், இலையின் ஓர் ஓரத்தில், ஒரே கிண்ணம் சோறு. கீரையும் காயும் மீனும் முதலில் உண்டு சோற்றைப் பின்னே உண்டால் உணவுக்குப் பின் குருதியில் இனிப்பு ஏறும் வேகமும் தணிகின்றது. முடிவில் உப்பிட்ட மோர். 'ஒரு கிண்ணம் சோறு வயிற்றுக்குப் போதுமா?' என்பாரது வினா, வயிறு ஏற்கெனவே நிறைந்துவிட்டதை உணராத வினா.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிழங்கைக் காயென்று எண்ணுதல் ஆகாது. உருளையும் மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் சோற்றின் உடன்பிறப்புகள். சோற்றுக்கு உருளைக்கிழங்கு தொடுகறி என்பது சோற்றுக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்வதே. கிழங்கு உண்ணும் நாளில் அவ்வளவு சோறு குறையட்டும். முக்கனியும் அவ்வாறே, கொய்யா ஒன்று தாழ்வில்லை, மாவும் பலாவும் பருவத்தில் ஒரு துண்டு.

மாலைக்கு வறுத்த நிலக்கடலை ஒரு பிடி. 30 கிராமில் 7 கிராம் புரதம். இனிப்பில்லாத தேநீர். வாதுமைப் பருப்பு வேண்டுமென்று உணவுத்தாள் கூறுமாயின் அத் தாளைக் கிழிக்கலாம். விழுப்புரத்து மணலாங்கட்டியில் விளையும் கடலைக்கு எட்டுக் கடல் தாண்டிவரும் பருப்பு எவ்வகையிலும் உயர்ந்ததன்று. ஆலிவ் எண்ணெய்க்கும் அதே விடை: கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் அளவோடு. வெண்ணெய்ப்பழம் வேண்டுவோர் இறக்குமதிப் பெட்டியை நாட வேண்டா. அது கொடைக்கானல் மலைச்சரிவிலேயே விளைகின்றது. இரவில் ஒரு தோசை அல்லது கம்பு அடை. அதனோடு மொச்சைக் குழம்போ கோழியோ முட்டைப் பொரியலோ, ஒரு காய். ஒரு நாளைக் கூட்டிப் பார்க்க: மாச்சத்து 120 கிராம் அளவில் நின்றுவிடும், புரதம் 60 கிராமுக்குக் குறையாது.

ஊன் மறுத்தோர்க்கு என்ன வழி? திருவள்ளுவர் புலால் மறுத்தார். அது உயிரிரக்கத்தாற் பிறந்த அருள்நெறி. பிறப்புச் செருக்காற் பிறந்த மறுப்போடு அதனை ஒன்றாக எண்ணுதல் வள்ளுவரை இழிவுசெய்வதாகும். அருளால் மறுப்போர்க்குத் தமிழ்நிலம் வழியடைத்துவிடவில்லை. முளைகட்டிய பச்சைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், மொச்சை, நிலக்கடலை, தயிர், பாலடைக்கட்டி எல்லாம் உள. ஆனால் அவர் மறத்தலாகாத கணக்கு ஒன்றுண்டு. மீனிலும் முட்டையிலும் மாச்சத்தில்லை; பயற்றில் அதன் எடையிற் பாதி மாச்சத்தே. பயறு தன் புரதத்தோடு தன் மாவையும் சுமந்தே வருகின்றது. எனவே மரக்கறி உண்பார் சோற்றை ஒரு கிண்ணத்தினின்று அரைக் கிண்ணத்துக்கு இறக்கினாலன்றிக் கணக்கு நேர்படாது. நான்கு பருப்பு நீந்தும் குழம்பை மூன்று கிண்ணம் சோற்றிற் பிசைந்து உண்டுவிட்டுப் பருப்பு உண்டதாகக் கூறிக்கொள்வது, மரக்கறியாளரிடம் மிகுந்துள்ள தன்னேமாற்று.

மற்றொன்று. இன்சுலின் ஊசி இட்டுக்கொள்வோரும் இனிப்பைக் குறைக்கும் மாத்திரை விழுங்குவோரும் மருத்துவரைக் கலவாமல் சோற்றைத் திடுமெனக் குறைத்தல் கூடாது. மருந்து பழைய சோற்றுக்கு அளந்தது; சோறு குறைந்து மருந்து குறையாவிடின் குருதியில் இனிப்பு அளவிறந்து தாழ்ந்து மயக்கமும் உயிர்க்கேடும் நேரலாம். சிறுநீரகம் நலிந்தோர் புரதத்தை மிகுக்குமுன் கேட்டறிதல் வேண்டும். சூலுற்ற பெண்டிர்க்கும் வளரும் சிறுவர்க்கும் இக் கணக்கு உரியதன்று. அவர்க்குத் தொடுகறியை மிகுக்கலாம், சோற்றைப் பறித்தலாகாது. இம் முறையால் முதல் ஆறு திங்களில் கிட்டும் நற்பயன் ஓராண்டு கடந்தபின் தேய்ந்து போவதாக ஆய்வுகள் பல காட்டுகின்றன. மக்கள் திட்டத்தைத் தொடர முடியாமற் கைவிடுவதே அதற்குரிய முதன்மைக் கரணியமாகச் சொல்லப்படுகின்றது. அயலான் அடுக்களையிலிருந்து கடன்வாங்கிய திட்டம் கைவிடப்படுவதில் வியப்பென்ன? கீரைக் கடைசலையும் மீன்குழம்பையும் எவரும் கைவிடார்.

வீட்டுக்குள் ஒரு கொடுமையும் உண்டு. ஆடவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, முதியோர் உண்டபின் சமைத்தவள் உண்ணுகின்றாள். அவள் அமரும்போது சட்டியில் மீன் இல்லை; கீரை வழிக்கப்பட்டுவிட்டது; எஞ்சியிருப்பது சோறும் மிளகுநீரும். அதையும் வீணாகக் கூடாதென்று இரண்டு மடங்காக அவளே உண்ணுகின்றாள். 2019 முதல் 2021 வரை நடந்த நாடளாவிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்டிருட் பாதிக்கு மேற்பட்டோர் குருதிக்குறை உடையோராகக் காணப்பட்டனர். ஒரே உடலில் குருதிக்குறையும் நீரிழிவும் குடியேறுவது இக் கடைசி இலையால்தான். தமிழ்த்தாய் என்று மேடையிற் கைகூப்புவோர், வீட்டுத் தாயின் பங்கு மீனை முதலிலேயே எடுத்து மூடிவைத்துவிட்டு உண்ண அமரட்டும்.

இறுதியாக, இதனைத் தனியொருவன் ஒழுக்கமாக மட்டும் விட்டுவிடுதல் அரசைத் தப்பவிடுவதாகும். 1967-இல் அரிசியை முன்வைத்து ஆட்சி மாறிய நாடு இது. 2008-இல் கிலோ ஓர் உருபா. 2011 சூன் முதல் விலையின்றி. அவ் அரிசி பல குடும்பங்களின் பட்டினியை ஒழித்தது. அதை இகழ்பவன் பசியறியாதவன். ஆனால் பங்கீட்டுக்கடையின் நிறுவையில் இன்றும் 20 கிலோ அரிசிக்கு ஒரே கிலோ துவரம்பருப்பு. அதுவும் 2007-இல்தான் வந்தது. தொடுகறி மனப்பான்மையை அரசே எடைபோட்டு வழங்குகின்றது! அரிசி வேண்டாத குடும்பம் அதற்கு ஈடாகக் கடலையோ பயறோ முட்டையோ பெறும் உரிமை வேண்டும். முட்டைக்கு வடக்கே கையேந்த வேண்டியதில்லை. நாமக்கல்லில் அது மலைபோல் குவிகின்றது. இங்கு முட்டை ஒன்று கடைத்தேநீர் ஒன்றினும் விலை குறைவு.

1982-இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சி விரிவாக்கிய சத்துணவில், 1989-இல் கருணாநிதி ஆட்சி இரு கிழமைக்கு ஒரு முட்டையைச் சேர்த்தது. அது படிப்படியாய் உயர்ந்து பள்ளி நாள்தோறும் ஒரு முட்டையாயிற்று. இந்நாட்டில் பிற மாநிலங்கள் நாணத்தக்க செயல் அது. அங்கும் ஒரு குறையுண்டு. முட்டை உண்ணாத குழந்தைக்கு அதற்கு மாற்றாக வாழைப்பழம் தருகின்றனர். புரதத்துக்கு மாற்று மாச்சத்தாம்! ஒரு பிடி வறுத்த கடலையும் அவித்த பயறும் அக் குழந்தையின் கையில் வைக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? அவ் ஆணையை நாளையே பிறப்பிக்கலாம்.